மூளைக்கு உறுதி தரும் சிறு பழக்கங்கள்



முதுமை வரின் மறதிநோயும் வந்தே தீரும் என்று நம்மிற் பலர் கருதுகின்றோம். அது முற்றும் உண்மையன்று. 'லான்செட்' என்னும் மருத்துவ இதழின் அறிஞர் குழு, 14 ஏதுக்களை விலக்கின் அந்நோயுள் ஏறக்குறைய 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தாழ்த்தவோ கூடும் என்று 2024-ஆம் ஆண்டில் உரைத்தது. குருதியழுத்தம், நீரிழிவு, புகைபிடித்தல், உடலுழைப்பின்மை முதலியன யாவரும் அறிந்தன, ஆதலின் விரித்திலேம்.

செவிடும் அவற்றுள் ஒன்றென்பதையே நம்மவர் அறியார். செவி மங்கிய பாட்டனாரிடம் உரக்கப் பேச அலுத்து, வீட்டார் பேச்சையே விட்டுவிடுகின்றனர். அவரும் திண்ணையில் வாளா இருக்கின்றார். மூளைக்கு வேலை ஏது? மூக்குக்கண்ணாடிக்கு நாணாத நாம் செவிக்கருவிக்கு நாணுவானேன்? (கல்யாணத்திற்கென்றே அதனைக் கழற்றி வைப்போரும் உளர்!) செவியைச் சோதிப்பித்துக் கருவியை நாடோறும் அணிவிக்க வேண்டும். முதலிற் சில வாரம் இரைச்சலாகவே தோன்றும். அதற்காகப் பெட்டியிற் பூட்டிவிடலாகாது.

மாலைதோறும் பேரக்குழந்தையை அவர் அருகிருத்தி, நாளுக்கொரு குறள் சொல்லிக்கொடுக்கச் செய்வோமாக. 1330 குறளும் முடிய 3½ ஆண்டுக்கு மேற் செல்லும்.