மூலமும் உரையும்

இலங்கையின் புகையிரத நிலையங்களுள் மிக உயரத்தில் அமைந்தது பட்டிப்பொல. அதனைக் கடந்து ஒஹியா நோக்கிச் செல்லும் பாதையில், ஏற்றம் முடிந்து இறக்கம் தொடங்கும் இடத்தை ஒரு பலகை அறிவிக்கின்றது. அப்பலகை வண்டியை ஒரு சாண் தூரமும் இழுப்பதில்லை. வழிக்குப் புதியவர்க்கு இடம் இன்னதென உணர்த்துவதே அதன் பணி.

கணினி இயங்குதளத்தின் மூலநிரலில் எழுதப்படும் குறிப்புரையும் அத்தகையதே. நிரலைப் பொறியின் மொழிக்கு மாற்றும் தொகுப்பி அதனைப் புறக்கணித்துவிடும். பின்னால் வந்து படிக்கும் மனிதருக்காகவே அது எழுதப்படுகின்றது. 1991ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸின் மூலம் எவர்க்கும் திறந்து கிடக்கின்றது. பட்டிப்பொலத் தோட்டத்து மாணவி ஒருத்தியும் அதனை எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம். ஆயினும் கதவு திறந்திருந்தால் மட்டும் போதுமா? உள்ளே விளக்கு வேண்டாமா?

விளக்கும் அளவோடு இருத்தல் வேண்டும். நிரல் யாது செய்கின்றது என்பதைக் குறிப்பு கூறுக. எவ்வாறு செய்கின்றது என்பதை நிரலே தெளிவாகக் காட்டுக என்பது லினக்ஸ் ஆக்குநர் வகுத்துக்கொண்ட முறை. ‘ஒன்றைக் கூட்டு’ என்னும் கட்டளைக்கருகே ‘இங்கே ஒன்று கூட்டப்படுகின்றது’ என்றெழுதுவது, மலை என்பதற்கு மலை என்றே பொருளுரைப்பது போலாம். அத்தகைய உரைகாரரைத் தமிழுலகமும் கண்டதுண்டு!

லினக்ஸுக்கு வழிகாட்டிய யுனிக்ஸுக்கோ நல்ல உரைகாரர் ஒருவர் வாய்த்தார். சிட்னியிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஜோன் லயன்ஸ், யுனிக்ஸ் ஆறாம் பதிப்பின் கருவை ஒரு நூலாகவும், அதன் விளக்கத்தை மற்றொரு நூலாகவும் 1977இல் அமைத்தார். மூலம் ஏறத்தாழ 9,000 வரிகளே. 1979இல் ஏழாம் பதிப்போடு வந்த உரிமம், வகுப்பறையில் மூலத்தைப் பாடமாக்குவதைத் தடுத்தது. மாணவர் படிக்குப் படியெடுத்துப் பயின்றனர். நூல் முறையாக வெளியானது 1996இல்.

அந்த ஆறாம் பதிப்பில், ஒரு பணியை நிறுத்தி வேறொன்றைத் தொடரும் பகுதியிலே, விளக்கம் ஒன்றின் ஈற்றில் ஒரு வரி உண்டு. இது வாசிப்பவருக்கு விளங்கும் என எதிர்பார்க்கவில்லை என்பது அதன் கருத்து. பலர் அதனைச் செருக்கெனக் கொண்டனர். பரீட்சைக்கு இது வராது என்று ஆசிரியர் கூறுவது போன்றே அதனைக் கருதியதாக டெனிஸ் ரிச்சி பின்னர் விளக்கினார். அவ்விடம் தமக்கும் அன்று விளங்கியிருக்கவில்லை என ஒப்புக்கொண்டார். அம்முறை, பிடிபி-11 கணினியின் தொகுப்பி எப்போதும் ஒரே விதமாக நடந்துகொள்ளும் என்பதை நம்பியிருந்தது. குறிப்பில் எழுதப்படவேண்டியது அந்த நம்பிக்கையே, அதுவே விடுபட்டுப்போயிற்று. யுனிக்ஸை இன்டர்டேட்டா கணினிக்குப் பெயர்த்தபோது அம்முறை பொருந்தவில்லை. ஏழாம் பதிப்புக்காக அப்பகுதியை அவர்கள் புதிதாக எழுதவேண்டியதாயிற்று.