ஜனத்தொகை ஆராய்ச்சியும் நமது கடமையும்

(சிதம்பரத்தில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)

 

நம் குலத்துப் பெற்றோர் பலர் தம் மக்கள் வைத்தியராக வேண்டுமென விரும்புகின்றனர். நல்ல விருப்பமே. ஆயினும், வைத்தியர் தம்மிடம் வந்த நோயாளியையே காண்கிறார். வராமலே மாண்டவரையும் காண்பவர் ஜனன மரணக் கணக்கை ஆராய்பவரே. அவ்வாராய்ச்சியையே வாழ்நாட்பணியாகக் கொண்ட ஓர் அறிஞரைப் பற்றிச் சில வார்த்தைகள் கூறுவேன்.

டாக்டர் எஸ். சந்திரசேகர் 1918-இல் ராஜமகேந்திரபுரத்திற் பிறந்தவர். சென்னையில் பயின்று, அமெரிக்கா சென்று நியூயார்க் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். 1901 முதல் 1955 வரை இந்தியாவில் நேர்ந்த சிசு மரணங்களை ஆராய்ந்து 1959-இல் நூல் வெளியிட்டார். 1967-இல் மத்திய அரசாங்கத்தில் சுகாதார, குடும்பக் கட்டுப்பாட்டு மந்திரியானார். 1970-களின் பிற்பகுதியில் இச்சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற்கே துணைவேந்தராக விளங்கினார். 2001-இல் காலமானார்.

ஓராண்டில் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளுக்கு, ஒரு வயது நிரம்புமுன் இறந்தவை எத்தனை என்பதே சிசு மரண விகிதம். 1971-இல் நம் தேசத்தில் இது 129, 2020-இல் 28. தடுப்பூசியும், தூய நீரும், தாய்மாரின் கல்வியும் இம்மாறுதலைச் செய்தன. எவ்வூருக்கு எவ்வுதவி முதலில் வேண்டுமெனக் காட்டியது கணக்கே. இறந்த குழந்தையைப் பதிவு செய்யாவிடில், அவ்வூர் நோயற்ற ஊராகவே தோன்றும். உதவியும் அங்கே செல்லாது.

அன்பர்களே! இக்கணக்கு நம் வீட்டு வாயிலிலும் வந்து நிற்கிறது. இயற்கையில் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு ஏறக்குறைய 950 பெண் குழந்தைகள் பிறப்பது வழக்கம். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், கடலூர் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 896 மட்டுமே. தமிழ்நாடு முழுமைக்கும் 943. குறைந்த பெண் மக்கள் எங்கே சென்றனர்? கருவிலுள்ளது ஆணோ பெண்ணோ எனக் கண்டறிதலை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துள்ளது. சட்டமிருந்தும் இக்குறை நேர்ந்ததெனில், குற்றம் எவ்விடத்தது? இஃது எக்குலத்தையும் தனியே சுட்டும் கணக்கன்று. அதனால் நாம் தப்பினோம் என்பதுமன்று. நம் வமிசாவளி ஏடுகளில் ஆண்மக்கள் பெயர் வரிசையாக இருக்கிறது. இளமையில் இறந்த பெண் குழந்தையின் பெயர் ஓர் ஏட்டிலேனும் உண்டா?

ஆதலின் மூன்று வேண்டுகோள். ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும் 21 நாட்களுக்குள் பதிவு செய்யுங்கள். சங்கத்தின் குடும்ப ஏட்டில் பெண்மக்கள் பெயரையும் எழுதுங்கள். கணிதத்தில் தேர்ந்த நம் மாணவ மாணவியருள் சிலரையேனும் இவ்வாராய்ச்சிக்கு அனுப்புங்கள். அதற்குச் சங்கம் உபகாரச் சம்பளம் அளிக்கட்டும்.

எண்ணப்படாத உயிர் காக்கப்படுவதில்லை.