எண்ணூர் முகத்துவாரம் வரை

1856-ஆம் ஆண்டில் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் புறப்பட்ட சென்னை இராயபுரம் நிலையத்தின் நெடிய தூண்களைப் பார்த்துவிட்டு, காசிமேட்டுத் துறைமுகத்தை வலப்புறம் விட்டு வடக்கே செல்வோமாயின், பட்டினத்தார் சமாதி அமைந்த திருவொற்றியூரையும் கத்திவாக்கத்தையும் கடந்து, கொசஸ்தலை ஆறு கடலோடு சங்கமிக்கும் எண்ணூர் முகத்துவாரத்தை அடைகிறோம்.

ஓதம் ஏறும்போது கடல்நீர் உள்ளே புகுந்து, வற்றும்போது ஆற்றுநீரோடு திரும்பும் இந்தக் கழிவெளி, பக்கிங்காம் கால்வாயின் வழியே பழவேற்காட்டு ஏரியோடும் தொடர்புடையது. கடலில் பிறந்த இறாற்குஞ்சுகள் நீரேற்றத்தோடு வந்து, கண்டல் மரங்களின் வேரடிச் சேற்றில் வளர்ந்து, பருவம் எய்தியபின் கடலுக்கே மீளும். பனையோலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, கழுத்தளவு நீரில் கைகளால் தடவியே இறால் பிடிக்கும் இருளர் மக்களின் லாகவம், கண்டவர் மறக்கவியலாத வித்தையாகும்.

நகரவாசிகள் கண்ணுக்கோ இது பயிர் விளையாத வெற்றுச் சேறு. சுதந்திரம் வந்த சில ஆண்டுகளிலேயே எண்ணூரில் மோட்டார்த் தொழிற்சாலை எழுந்தது. 1969-இல் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும், அதையடுத்து எண்ணூர் அனல்மின் நிலையமும், 1994-இல் வடசென்னை அனல்மின் நிலையமும், 2001-இல் புதிய துறைமுகமும் வந்தன. உப்பளங்கள் மேடாயின. அனல்மின் நிலையத்தின் நிலக்கரிச் சாம்பலை நீரில் கரைத்துச் சாம்பல் குளத்திற்குக் கொண்டுசெல்லும் குழாய்கள் ஆங்காங்கே வெடித்துக் கசிந்து, அச்சாம்பல் ஆற்றின் அடியில் படிந்து இறுகிவிட்டமையால், முன்பு தடையின்றி ஓடிய படகுகள் இன்று தரைதட்டி நிற்கின்றன.

ஆற்றோரம் எழுந்த குடியிருப்புகளின் கதையும் வேறன்று. பூண்டி ஏரி நிரம்பித் திறக்கப்படும் மழைக்காலங்களில், பரந்து தங்க இடமிழந்த வெள்ளம் மணலி புதுநகரின் வீடுகளுக்குள் நுழைகிறது; 2015-இலும் 2021-இலும் அம்மக்கள் பட்ட துன்பம் கொஞ்சமன்று. 2023 டிசம்பர்ப் புயல்மழையிலோ, வெள்ளத்தோடு எண்ணெய்க் கசடும் வந்து படகுகளிலும் வலைகளிலும் கண்டல் வேர்களிலும் அப்பிக்கொள்ள, மீனவர்களே வாளியும் குவளையும் ஏந்தி அதனை அள்ளினார்கள். அந்தக் காட்சியை நினைக்கையில் நெஞ்சு பதறுகிறது.

சாம்பலை அகற்றி ஆற்றின் ஆழத்தை மீட்டுத் தரவேண்டும் என்பது இப்பகுதி மீனவக் குப்பத்தாரின் நெடுநாள் கோரிக்கை. 2022-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் கழிவெளியைச் சீர்செய்யுமாறு ஆணையிட்டது. நேயர்கள் ஒருமுறையேனும் இங்கு வந்து, நீர் வற்றும் வேளையில் இந்த ஆற்றைப் பார்க்கவேண்டும்; படிந்துகிடக்கும் சாம்பல் கரையிலிருந்தே கண்ணுக்குத் தெரியும்.