பூ வைத்த கூந்தலும் கல் விழுந்த திரையும்

(சிலமலையில் மாணவர்கள், தோழர்கள் கூடிய மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஊமைப்படக் காலத்து அனாதைப் பெண் கதைகளைப் பற்றிப் பேசச் சொன்னீங்க. கதை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஏழை, அனாதை, அழகி. பணக்காரன் ஒருத்தன் இரக்கப்படுவான், பிறகு காதலிப்பான். 1919-ல் அமெரிக்காவில் மேரி பிக்ஃபோர்டு நடித்த 'டாடி லாங் லெக்ஸ்' இப்படித்தான். அனாதை விடுதிப் பெண்ணை முகம் காட்டாமல் படிக்க வைத்தவனே கடைசியில் அவளுக்குக் காதலன். கொட்டகையில் உட்கார்ந்து அழுவதற்கென்றே செய்த கதை.

எனக்கு ஒரு கேள்வி. திரையில் ஏழைப் பெண்ணைப் பார்த்து அழுகிற கூட்டம், நிஜமான ஏழைப் பெண் ஒருத்தி திரையில் ஏறினால் என்ன செய்யும்?

நமக்குப் பக்கத்திலேயே பதில் இருக்கு. மேலே தெரியுற ஏலமலை அன்னைக்குத் திருவிதாங்கூர் சர்க்காரின் மலை. அந்தச் சர்க்காரின் தலைநகரான திருவனந்தபுரத்தில் ஜே.சி. டேனியல் எடுத்த ஊமைப்படம் 'விகதகுமாரன்', அதாவது காணாமல் போன பிள்ளை. மலையாளத்தின் முதல் படம். வெளியான ஆண்டை 1928 என்றும் 1930 என்றும் சொல்வார்கள்.

கதையைக் கேளுங்க. பணக்கார வீட்டுப் பையனை இலங்கைக்குக் கடத்திவிடுகிறார்கள். எஸ்டேட்டில் கூலியாக வளர்கிறான். வெள்ளைக்காரத் துரைக்கு அவனைப் பிடித்துப்போய் சூப்பரின்டெண்ட் ஆகிறான். கடைசியில் முதுகுத் தழும்பு அவன் யாரென்று காட்டிக் கொடுக்க, குடும்பம் சேர்கிறது. நடுவில் அவன் தங்கை சரோஜினிக்கும் டேனியலே நடித்த ஜெயச்சந்திரனுக்கும் காதல்.

தோட்டத்தில் கூலியாகக் கிடந்தவன் மேலே வருகிறான். ஆனால் அவன் பெரிய வீட்டுப் பிறப்பு என்று ஒரு தழும்பு சாட்சி சொல்ல வேண்டியிருக்கு. கூடவே கூலியாக இருந்தவர்கள் என்ன ஆனார்கள்? கதைக்கு அந்தக் கவலை இல்லை. போடிமெட்டு வழியா ஜீப்பில் ஏறி ஏலக்காய் எடுக்கப் போற நம்ம அம்மாக்களுக்கு எந்தத் தழும்பு சாட்சி சொல்லும்? அவங்க கையில இருக்கிற தழும்புக்கு எந்தப் படத்திலும் அர்த்தம் எழுதவில்லை.

அந்தச் சரோஜினியாக நடித்தவர் பி.கே. ரோசி. புலையர் சாதியில் பிறந்தவர், புல் அறுத்துப் பிழைத்தவர். தமிழும் மலையாளமும் கலந்து ஆடுகிற காக்காரிசி நாடகத்தில் பேர் பெற்ற கலைஞர். திருவிதாங்கூரில் கோவில் நுழைவுப் பிரகடனம் வந்ததே 1936-ல்தான். அதற்கு முன்பே ஒரு புலையப் பெண் நாயர் வீட்டுப் பெண்ணாகத் திரையில் நின்றார்.

கேபிடல் தியேட்டரில் முதல் காட்சி. நாயகியை உள்ளே வரவிடக் கூடாது என்றார்கள் மேல்சாதிப் பிரமுகர்கள். தன் படத்தைத் தானே பார்க்க முடியவில்லை அவருக்கு. ரோசியின் கூந்தலில் இருந்த பூவை நாயகன் முத்தமிடும் காட்சி வந்ததும் திரைமேல் கல் விழுந்தது. ஆத்திரம் அதோடு அடங்கவில்லை. அவர் குடிசையைக் கொளுத்தினார்கள். ரோசி ஒரு லாரியில் ஏறித் தமிழ்நாட்டுப் பக்கம் தப்பினார். லாரி ஓட்டுநர் கேசவ பிள்ளையை மணந்து, நாகர்கோவிலில் ராஜம்மாளாக வாழ்ந்து மறைந்தார் என்கின்றன பதிவுகள். பேரை மறைத்தார், சாதியை மறைத்தார், கலையையும் மறைத்தார். வீட்டைக் கொளுத்தியதைவிடப் பெரிய கொடுமை இதுதான்னு நான் சொல்வேன்.

மேல்சாதிப் பெண் சேரிப் பெண்ணாக நடித்தால் அது கலை, கருணை, கைதட்டல். சேரிப் பெண் மேல்சாதிப் பெண்ணாக நடித்தால் கல். கீழே இறங்கி நடிக்கலாம், மேலே ஏறி நடிக்கக் கூடாது. இது சினிமாவின் சட்டமில்லை தோழர்களே, ஊர்ச் சட்டம். ஆபீசில் ஊர் பேரைச் சொன்னதும் "ஊர்ல எந்தப் பக்கம்?" என்று கேட்கிறார்களே, அதே சட்டம். கேட்டதும் ஒரு நொடி நாமும் நடிக்கிறோம். நானும் நடித்திருக்கிறேன்.

டேனியலும் நொடித்துப் போனார். அதை மறைக்க வேண்டாம். ஆனால் 1992-ல் அவர் பேரில் கேரள அரசு விருது ஏற்படுத்தியது. ரோசி பேர் பரவலாக வெளியே வர இன்னும் காலம் பிடித்தது. 'செல்லுலாயிட்' படம் 2013-ல் வந்தது. மலையாள சினிமாப் பெண்கள் 2019-ல் அவர் பேரில் திரைப்படக் கழகம் தொடங்கினார்கள். விகதகுமாரனின் பிரதி இன்று எங்கும் இல்லை. கல்லெறிந்தவர்கள் பார்த்த படத்தை நாம் பார்க்க வழியில்லை.

அதனால மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்றேன். நம்ம தெருவில் கூத்தில் ஆடிய, ஒப்பாரி பாடிய, தோட்டத்தில் கதை சொன்ன பாட்டிகள் இருக்காங்க. நாளைக்கே ஒரு நோட்டு எடுத்துக்கிட்டுப் போய் உட்காருங்க. பேர், ஊர், என்ன ஆடினாங்க, யார் நிறுத்தினாங்க, எல்லாத்தையும் எழுதுங்க. அவர்கள் அனாதைகள் இல்லை. அவர்களைத் தேடாமல் விட்டால் அனாதைகள் நாம்தான்.

ஜெய்பீம்.