எஞ்சின் உண்ணும் காற்று

டில்லியிலும் ராஜஸ்தானத்திலும் வாழும் நம்மவர், வைகாசி ஆனி மாதங்களில் 'ஆந்தி' எனும் புழுதிப் புயலை நன்கறிவர். நாம் சன்னல்களை அடைத்துக்கொள்கிறோம். மோட்டார் வண்டியின் எஞ்சினோ அக்காற்றையே உண்டாக வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று தேவை. அதிலுள்ள மணற்றுகள் உட்புகுமாயின், சிலிண்டரின் சுவரை அரம்போல் அராவிவிடும். அதனைத் தடுப்பதே காற்று வடிகட்டி.

அதில் இருவகையைக் காண்போம். மடிப்புக் காகிதத்தாலானது, அழுக்கேறியதும் எறியத்தக்கது. எண்ணெய் தடவிய பருத்தி வலையாலானது, கழுவி மீண்டும் பயன்படுத்தத்தக்கது. பின்னதன் விலை மிகுதி. எனினும் பல்லாண்டு உழைக்கும். சிக்கனத்தில் பழகிய நம் மனம் அதனை நாடுவது இயல்பே. ஆனால், கழுவியபின் முற்றும் உலர்த்தி, எண்ணெயை அளவாகத் தடவும் பொறுமை வேண்டும். எண்ணெய் குறைந்தால் புழுதி நுழையும். மிகுந்தால், காற்றை அளக்கும் நுண்கருவியுள்ள வண்டிகளில் அதன்மேல் படிந்து கெடுக்கும்.

காகித வடிகட்டி நுண்துகளை நன்கு தடுக்கும். அதனைக் கழுவலாகாது; அழுத்தக் காற்றால் ஊதினால் கண்ணுக்குப் புலனாகாத கிழிசல் உண்டாகலாம்.

ஆதலின், புழுதி மிக்க ஊரினர்க்குக் காகிதமே ஏற்றது. உரிய காலத்தில் மாற்றுதல் நன்று. வடிகட்டியில் மிச்சம் பிடிக்கும் சில நூறு ரூபாய், எஞ்சினைப் பழுதுபார்க்கும்போது பல்லாயிரமாகத் திரும்பி வந்து நம்மைக் கேட்கும்.