குருக்களிடம் காட்டச் சொன்னவர்



லூக்கா நற்செய்தி 17-ஆம் அதிகாரத்தில் பத்துத் தொழுநோயாளர் தூரத்தில் நின்று இரக்கம் கேட்கிறார்கள். இயேசு அவர்களைக் குருக்களிடம் போய்த் தங்களைக் காட்டச் சொல்கிறார். ஏன் குருக்களிடம்? நோய் நீங்கியதா என்று உடலைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது அன்று அவர்கள் பொறுப்பு. ஐயம் இருந்தால் ஏழு நாள் கழித்து மறுபடியும் பார்க்கவேண்டும் என்கிறது லேவியர் நூல். குணமளித்த ஆண்டவரே அந்தச் சோதனைக்கு அவர்களை அனுப்புகிறார்.

இன்று நம் ஊர்களில் குணமளிக்கும் கூட்டம், எழுப்புதல் கூட்டம் என்று சுவரொட்டிகளைப் பார்க்கிறோம். மேடையில் சொல்லப்படும் சாட்சிகள் கைப்பேசி வழியாக வீட்டுக்குள்ளும் வருகின்றன. அவற்றைக் கேட்டதும் சிலர் அப்படியே நம்புகிறோம். சிலர் கேலி செய்கிறோம். புனித பவுல் தெசலோனிக்கருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் இரண்டையுமே தடுக்கிறார். தூய ஆவியாரின் செயலைத் தடுக்காதீர்கள் என்கிறார். உடனே, அனைத்தையும் ஆய்ந்து நல்லதைப் பிடித்துக்கொள்ளவும் சொல்கிறார்.

இது நமக்குப் புதிய கேள்வி அல்ல. 1860-இல் திருநெல்வேலிச் சீமையில் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் என்னும் ஊழியரைச் சுற்றி, பிரிந்த சபைச் சகோதரரிடையே பெரிய எழுப்புதல் உண்டானது. மக்கள் பாவத்துக்காக அழுதார்கள்; பரவசப் பேச்சு, காட்சிகள், இறைவாக்குகள் பற்றிய செய்திகள் பரவின. பின்னர் திருவாங்கூரிலும் எழுப்புதல் மூண்டது. அங்கே யுஸ்துஸ் யோசேப்பு என்பவரின் குழுவினர், 1881-இல் ஆண்டவர் திரும்பி வருவார் என்று அறிவித்தார்கள். அந்த ஆண்டும் வந்து போனது. காத்திருந்தவர்கள் ஏமாந்தார்கள். அந்த மக்களின் கண்ணீரும் செபமும் பொய்யல்ல. ஆனால் உண்மையான பக்தியோடு சோதிக்கப்படாத வாக்கும் கலந்துவிடக்கூடும்.

ஆரணிப் பட்டு நெய்யும் தெள்ளார் மக்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. சரிகை மின்னுகிறது என்பதற்காக யாரும் விலை பேசுவதில்லை. சுரண்டிப் பார்க்கிறோம், உள்ளே சிவந்த பட்டு நூல் தெரிகிறதா என்று தேடுகிறோம். அசல் சரிகைக்கு அந்தச் சோதனையால் நட்டமில்லை.

நம் திருச்சபையும் அப்படித்தான் செய்கிறது. 1858-இல் அன்னை காட்சி தந்த லூர்து நகரில் குணம் பெற்றதாக 7,000-க்கும் மேற்பட்டோர் பதிவு செய்துள்ளனர். திருச்சபை புதுமை என்று ஏற்றவை 70-ஐச் சற்றே தாண்டும். நோய் உண்மையானதா, கடுமையானதா, உடனே நீங்கியதா, முழுமையாக நீங்கியதா, திரும்ப வராமல் நிலைத்ததா என்று மருத்துவர்கள் ஆண்டுக்கணக்கில் ஆராய்கிறார்கள். நம் மறைசாட்சி தேவசகாயத்தின் புனிதர் பட்டத்துக்கான புதுமை 2013-இல் நிகழ்ந்தது. திருத்தந்தை பிரான்சிஸ் அதை ஏற்றது 2020-இல்தான்.

இந்தப் பொறுமை ஏன் தேவை? காசநோய்க்கு மாத்திரை தொடங்கிய சில வாரங்களிலேயே இருமல் குறையும், உடம்பு தேறும். கிருமி முழுதாக ஒழிய ஆறு மாதமாவது ஆகும். இடையில் ஒருவர் மேடையேறிச் சாட்சி சொல்லி, மாத்திரையையும் நிறுத்திவிட்டால், நோய் மருந்துக்கு அடங்காததாகத் திரும்பக்கூடும். தறியும் பாயும் ஒரே அறையில் இருக்கும் வீட்டில் பிள்ளைகளுக்கும் அது தொற்றும். சர்க்கரை நோய்க்கு ஊசி போடுகிறவர் நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. மருத்துவரும் ஆண்டவரின் கொடையே என்று சீராக் நூல் 38-ஆம் அதிகாரம் கற்பிக்கிறது.

இன்னொரு காயமும் உண்டு. குணமாகாதவரைப் பார்த்து, உனக்கு நம்பிக்கை போதாது என்று சொல்லிவிடுகிறார்கள். தம் உடலில் தைத்த முள்ளை எடுக்கும்படி பவுல் மூன்று முறை மன்றாடினார். முள் எடுக்கப்படவில்லை, அருள் தரப்பட்டது. பவுலுக்கு நம்பிக்கை குறைவென்று யார் சொல்வோம்?

ஆகவே, நோயாளிக்காகத் தயங்காமல் செபிப்போம். மாத்திரையை மருத்துவர் சொல்லும்வரை நிறுத்தாதிருப்போம். சாட்சி கேட்டால், யாருக்கு, என்ன நோய், யார் பரிசோதித்தார், இன்று எப்படி இருக்கிறார் என்று அன்போடு கேட்போம். அந்தப் பத்துப் பேரில் ஒருவர் மட்டுமே நன்றி சொல்லத் திரும்பினார். மருத்துவமனை வழியாக வந்த சுகமானாலும், செபத்தில் வந்த சுகமானாலும், அந்த ஒருவரைப் போல ஆண்டவரின் காலடிக்குத் திரும்புவோம். ஆமென்.