உண்ணியும் கண்ணாடிக் குடுவையும்

(எமது சங்க ஆண்டு விழாவில் இளைஞர் சார்பில் ஆற்றிய உரை)



பட்டிப் பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டும்போது அதன் காதிலும் மடியிலும் ஒட்டிய உண்ணியைப் பிடுங்கி எறிகிறோம். தம்பலகாமத்திலும் மூதூரிலும் மாடு வளர்த்துச் சீவிக்கும் குடும்பங்களுக்கோ அது ஆண்டு முழுவதும் பகை. இரத்தத்தைக் குடிப்பதோடு நில்லாது நோய்க்கிருமியையும் அது உடலினுள் செலுத்துகின்றது.

மனிதரையும் அது விடுவதில்லை. 1957 இல், இன்றைய கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்துக் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. அயற் கிராமத்தவர் கடுங்காய்ச்சலுற்றனர். உண்ணி பரப்பும் புதிய வைரசே காரணம் எனப் பூனா வைரசு ஆராய்ச்சி நிலையத்தார் கண்டனர். இந்நோயுற்ற நூற்றுவரில் மூவர் முதல் ஐவர் வரை இறக்கின்றனர். நீலகிரியிலும் வயநாட்டிலும் பின்னர் அது தோன்றியது.

வைரசு உயிருள்ள கலத்தினுள்ளேதான் பெருகும். ஆகவே அதை ஆராயக் கலங்களை வளர்த்தல் வேண்டும். 1975 இல் வர்மா, பட்னி, லீக் என்னும் மூவர், ஆபிரிக்க மாட்டுண்ணி ஒன்றின் கலங்களை இலண்டனில் இடையறாது பெருகச் செய்தனர். இக்கலங்கள் வளர்வது 28 முதல் 34 பாகை வரையான வெப்பத்தில். நம்மூர் வெப்பமே அவற்றுக்கும் போதும்! இன்று லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் உண்ணிக் கல வங்கியொன்று உண்டு. மலேசியாவிலும் கென்யாவிலும் அதற்குக் கிளைகள் உள.

இக்குடுவைகள் காட்டும் விந்தை யாது? இத்தகைய வைரசு புகுந்தால் விலங்கின் கலம் பெரும்பாலும் மடிகின்றது. உண்ணியின் கலமோ வைரசைத் தாங்கிக்கொண்டே வாழ்கின்றது. அவ்விரகசியம் விளங்கினால் நோய் பரவும் வழியை அடைக்கலாம். கோழிக் கருவின் கலங்களில் வளர்த்துச் செய்த கியாசனூர்த் தடுப்பூசி போதிய காப்பளிக்காமையால் 2022 இல் நிறுத்தப்பட்டது. புதியதொன்று வேண்டியிருக்கின்றது.

குடுவை முழு உண்ணியாகாது என்பதும் உண்மையே. அதற்கு உமிழ்நீரில்லை, குடலில்லை. எனினும் பல விலங்குகளை வதைக்காமல் பல வினாக்களுக்கு விடை தருகின்றது. சீவகாருண்யம் பேசும் நமக்கு இது சிறு செய்தியன்று.

இளைஞர்களே, துறைமுகத்தையே நோக்கும் நம் கண்கள் மாட்டுப் பட்டியையும் நோக்கட்டும். உண்ணியை விரலால் நசுக்காதீர்கள். சிறு இடுக்கியால் தோலோடு ஒட்டப் பிடித்து நேரே இழுத்து, கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். விலங்கியல் கற்போர் இத்துறையை நாடுங்கள். பெரியோர்களே, அவர்களுக்கு வழிவிடுங்கள்.